வசந்தத்தில் மலையாற்று ட்ரவுட்: சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிடோக் ஜெட்டியில் ராத்திரி தூண்டில் போடும்போதும் சரி, தேக்காவில் தேநீர் குடிக்கும்போதும் சரி, நான் நியூசிலாந்தில் ட்ரவுட் பிடிக்கப் போய் வருகிறவன் என்று தெரிந்ததும் நண்பர்கள் கேட்பது அனேகமாக ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே இருக்கின்றன. வசந்தகாலத்தில் நான் போன 6 முறையும் தென்தீவுக்குத்தான். அதனால் பதில்களும் பெரும்பாலும் அங்குள்ள மலையாறுகளைப் பற்றியவை.

ட்ரவுட் என்ன மீன் அண்ணே? நம்ம கடையில் கிடைக்குமா?

சால்மன் குடும்பத்து மீன். குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த நன்னீர்தான் அதற்கு வீடு. நியூசிலாந்தில் இரண்டு வகை முக்கியம். பிரௌன் ட்ரவுட்டுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, அதில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். ரெயின்போவுக்குப் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். இரண்டுமே அந்த மண்ணின் மீன்கள் அல்ல. பிரௌன் 1867இல் தாஸ்மேனியாவிலிருந்து வந்தது. ரெயின்போ 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது.

நம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைப்பது பண்ணையில் வளர்த்தது. நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்கவே சட்டம் இடம் தராது. எந்த உணவகத்திலும் மெனுவில் பார்க்க முடியாது. சாப்பிட வேண்டுமென்றால் நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் அன்பாகக் கொடுக்க வேண்டும்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் உயிருள்ள ஈயைப் பிடித்து முள்ளில் குத்துவதா?

இல்லை. இறகு, முயல் முடி, நூல், மெல்லிய செம்புக் கம்பி இவற்றைத் தூண்டில்முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வார்கள். அதைத்தான் ஃப்ளை என்கிறோம். மேலே மிதப்பது ட்ரை ஃப்ளை. தண்ணீருக்குள் மூழ்கிப் போவது நிம்ஃப்.

சிங்கப்பூரில் நாம் வீசும்போது ஈயக்குண்டோ லூர் என்ற செயற்கை இரையோ தன் கனத்தால் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளைக்கு அப்படி இழுக்கும் அளவு எடை கிடையாது. இங்கே கனம் லைனில் இருக்கிறது. தடித்த அந்த லைனைப் பின்னால் ஒருமுறை முழுதாக விரித்து, அப்புறம் முன்னால் விரிக்க வேண்டும். கையின் பலம் பெரிதாகத் தேவையில்லை. பின்னால் லைன் விரியும் வரை அரை நொடி காத்திருக்கத் தெரிந்தால் போதும். அந்த அரை நொடி என் கைக்குப் பழக ஒரு மாதம் ஆனது.

ஊட்டிப் பக்கமே ட்ரவுட் இருக்கிறதாமே, எதற்கு அவ்வளவு தூரம்?

இருக்கிறது, உண்மைதான். பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார்கள். அங்கே நிலைத்தது ரெயின்போ. மூணாறு மலைகளிலும் இருக்கிறது. ஆனால் அவை சிறு ஓடைகள், பெரும்பாலும் காப்புக்காடுகளுக்குள் இருப்பவை. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அங்கே பனி உருகுவது என்ற பேச்சே இல்லை, தண்ணீரைத் தீர்மானிப்பது பருவமழை. இந்தப் பக்கத்தில் சொல்வதில் பாதி அங்கே பொருந்தாது.

எந்த மாதம் போகலாம்? ஸ்கூல் லீவு செப்டம்பரிலும் வருகிறது, நவம்பரிலும் வருகிறது.

அங்கே வசந்தம் செப்டம்பர், அக்டோபர், நவம்பர். செப்டம்பர் முதல் வார லீவில் டிக்கெட் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. தென்தீவின் பெரும்பாலான ஆறுகளில் சீசன் அக்டோபர் 1ஆம் தேதிதான் திறக்கிறது. செப்டம்பரில் போனால் ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாம், தூண்டில் கோலை எடுக்க முடியாது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது நவம்பர் கடைசி வாரம். பனி கொஞ்சம் உருகி ஓய்ந்திருக்கும், பூச்சிகள் கிளம்பியிருக்கும், ராத்திரி 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தீபாவளி லீவோடு நாலு நாள் சேர்த்துப் போனால்?

போகலாம், ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கிறைஸ்ட்சர்ச் இருக்கும் கேண்டர்பரி வட்டாரத்தில் உயரமான மலைப்பகுதி நீர்நிலைகள் நவம்பர் முதல் சனிக்கிழமைதான் திறக்கின்றன. தாழ்வான பகுதிகள் அக்டோபரிலேயே திறந்திருக்கும். ஒரே ஆற்றில் கீழ்ப்பாதி திறந்தும் மேல்பாதி மூடியும் இருப்பது சாதாரணம். அந்தந்த வட்டாரத்தின் விதிப்புத்தகத்தில் ஆற்றின் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, அப்புறம் ஓட்டலுக்குப் பணம் கட்டுங்கள்.

வசந்தம் என்றால் பூவும் வெயிலும்தானே? ஏன் எல்லோரும் கஷ்டமான சீசன் என்கிறார்கள்?

கரையில் பூ பூத்திருக்கும், ஆற்றில் பனி கரைந்து ஓடிக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்க மலையில் உறைந்து கிடந்தது இப்போதுதான் இறங்குகிறது. ரக்காயா, வைமாக்கரிரி போன்ற பெரிய ஆறுகளில் தண்ணீர் மிகுந்து ஓடுவது வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான். என் முதல் பயணம் அக்டோபர் நடுவில். ரக்காயா கரையில் கூழாங்கல் மேட்டில் நான்கு நாள் நின்று, சாம்பல் நிறத்தில் புரண்டு போகும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அரை மணி நேரக் கார் தூரத்தில் ஒரு ஊற்று ஓடை கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்த ஆற்றைப் பற்றிப் பேசினாலும் என் முதல் கேள்வி: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நான்கு பதில்கள் உண்டு. பனியிலிருந்தும் பனியாற்றிலிருந்தும் (மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டிப் பாளம்) வருவது குளிர்ந்து, கலங்கி, பகலில் ஏறி இறங்கும். மழையிலிருந்து வருவது திடீரென்று ஏறி, சில நாளில் தெளியும். ஏரியிலிருந்து வழிந்து வருவது வண்டலை ஏரியிலேயே விட்டுவிட்டு வருவதால் பெரும்பாலும் தெளிவாகவும் சீராகவும் இருக்கும். நிலத்தடி ஊற்றிலிருந்து வருவது வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர், ஒரே அளவு. வசந்தத்தில் கடைசி இரண்டும்தான் நமக்குக் கை கொடுப்பவை. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த நான்கிலிருந்துதான் பிறக்கின்றன.

எனக்குக் கடலில் ஏற்றம் வற்றம் பார்த்துப் போடத் தெரியும். அங்கே அதற்குப் பதில் எதைப் பார்ப்பது?

ஆற்றின் நீரோட்ட அளவை. வட்டார மன்றங்கள் முக்கிய ஆறுகளில் அளவிகள் வைத்து, இணையத்தில் வரைபடமாகப் போடுகின்றன. கியூமெக் என்று ஒரு சொல்லைப் பார்ப்பீர்கள். ஒரு நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் என்பதுதான் அது.

எண்ணைவிடக் கோட்டின் சாய்வு முக்கியம். செங்குத்தாக ஏறும் கோடு என்றால் அன்று அந்த ஆற்றை விட்டுவிடுங்கள். உச்சிக்குப் போய்விட்டு மெல்லச் சரியும் கோடுதான் நாம் எதிர்பார்ப்பது. தண்ணீர் இறங்கத் தொடங்கி இன்னும் முழுக்கத் தெளியாத நாளில் மீன் கரையோரம் வந்து தைரியமாக இரை எடுக்கும். நான் பிடித்த பெரிய மீன்களில் பலவும் அப்படிப்பட்ட நாட்களில்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, போகப்போகும் நாலைந்து ஆறுகளின் கோட்டைத் தினமும் எம்ஆர்டியில் போகும்போது பாருங்கள். ஒவ்வொரு ஆறும் மழைக்குப் பிறகு எத்தனை நாளில் இறங்குகிறது என்பது மனத்தில் பதிந்துவிடும்.

கிறைஸ்ட்சர்ச்சில் நல்ல வெயில், ஆனால் ஆறு தே தாரிக் மாதிரி வந்தது என்கிறான் என் தம்பி. எப்படி?

நார்வெஸ்டர் காற்று. வடமேற்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, தென்தீவின் முதுகெலும்பாக நிற்கும் சதர்ன் ஆல்ப்ஸ் மலையில் மோதி மேலேறி, மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிடும். கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடும். அதனால் கிறைஸ்ட்சர்ச்சில் சட்டை ஒட்டும் வெயில். ஆனால் மலை உச்சியைத் தாண்டியும் மழை சிதறும். கேண்டர்பரி ஆறுகளின் தலைப்பகுதி அங்கேதான். போதாததற்கு அந்தச் சூடான காற்று பனியையும் உருக்கும். மழை, பனி இரண்டும் சேர்ந்து இறங்கும்.

இது வசந்தத்தில் அடிக்கடி வீசும். ஆகவே நீங்கள் தங்கும் ஊரின் வானிலையைப் பார்க்காதீர்கள். மலையின் முதுகில் மழை உண்டா என்று பாருங்கள். இன்னொன்று: நார்வெஸ்டர் வீசும் நாளில் ஃப்ளை வீசுவதே பெரும்பாடு. மலை மறைக்கும் சிறு பள்ளத்தாக்கைத் தேடிக்கொள்ளுங்கள்.

எந்தளவு கலங்கினால் போட முடியாது?

முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். பூட்ஸின் முனை தெரிந்தால் போடலாம். மங்கலாகத் தெரிந்தால் கரையை ஒட்டி, பெரிய கறுப்பு நிம்ஃபை அடிமட்டத்தில் உருட்டிப் போடலாம். பூட்ஸே தெரியவில்லை என்றால் வேறு ஆறு. பச்சை கலந்த பால் நிறம் வேறு கதை. பனியாறு பாறையை அரைத்த மாவு அது. அந்த மாவு தண்ணீரில் தங்கியே இருப்பதால் மழை நின்றாலும் சட்டென்று தெளியாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நம்ம மாதிரி விடியற்காலை 5 மணிக்கே போய் நிற்க வேண்டுமா?

வசந்தத்தில் வேண்டாம். நிம்மதியாகத் தூங்கி, தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ட்ரவுட்டின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் அசையாமல் கிடக்கும். 10 முதல் 16 டிகிரி வரை நன்றாகச் சாப்பிடும். 20ஐத் தாண்டினால் மூச்சுத் திணறும், அப்போது பிடித்து விட்டாலும் பிழைப்பது கடினம். நம் நீர்த்தேக்கங்களில் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரி என்பதால் இந்தக் கணக்கே நமக்குப் புதிது.

வசந்தக் காலையில் ஆறு 6, 7 டிகிரியில் இருக்கும். வெயில் பட்டு 11 மணி வாக்கில் 9, 10க்கு வரும்போதுதான் அடியில் பூச்சிகளும் அசையத் தொடங்கும். 10 வெள்ளிக்கும் குறைவான ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில், ஓடும் தண்ணீரில், இரண்டு நிமிடம் மூழ்க விட்டு, தண்ணீருக்குள் இருக்கும்போதே படியுங்கள். என் பையில் நான் மறந்தாலும் பரவாயில்லாத பொருட்கள் நிறைய. இது அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் வெயில் ஏற ஏற நல்லதுதானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே சொன்னது ஊற்று ஓடைக்கும், மழை ஆற்றுக்கும், ஏரியிலிருந்து வரும் ஆற்றுக்கும் சரி. பனித் தண்ணீர் ஆற்றில் கதை தலைகீழ். வெயில் மலையில் பனியை உருக்கும். அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கு வழியே இறங்கி நீங்கள் நிற்கும் இடத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும். பிற்பகல் 3 மணிக்கு முகத்தில் வெயில் சுள்ளென்று அடிக்க, காலடியில் தண்ணீர் குளிர்ந்து, கலங்கி, மெல்ல ஏறும். ராத்திரி மேலே மறுபடி உறைவதால் காலையில் அதே ஆறு தாழ்ந்து தெளிந்திருக்கும்.

ஆகவே பனி உருகி வரும் ஆற்றில் முற்பகல், மற்றவற்றில் பிற்பகல். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. எந்த ஆறு எந்த வகை என்று தெரியாவிட்டால் காலை 9 மணிக்கு ஒருமுறை, பகல் 2 மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரை விடுங்கள். 2 மணிக்கு எண் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ மேலே பனி உருகுகிறது என்று அர்த்தம்.

அவ்வளவு பெரிய ஆற்றில் மீன் எங்கே நிற்கும் என்று எப்படித் தெரியும்?

ட்ரவுட் சோம்பேறித்தனமாக ஓர் இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவந்து ஊட்டுவதைச் சாப்பிட விரும்பும். வேகமான ஓட்டத்தில் நின்றால் சக்தி செலவாகும், தேங்கிய இடத்தில் நின்றால் இரை வராது. ஆகவே வேகமும் நிதானமும் உரசும் கோட்டைத் தேடுங்கள். நுரை ஒரு வரிசையாகப் போகும் இடம், பாறைக்குப் பின்னால் உள்ள அமைதி, சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதி மடுவில் விழும் விளிம்பு. வசந்தத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் நடுவில் நிற்க முடியாமல் மீன் கரையோரம் ஒதுங்கும். நீங்கள் இறங்கி நிற்க நினைக்கும் அதே முழங்கால் ஆழத்தில் ஒன்று நின்றுகொண்டிருக்கும். கால் வைக்கும் முன் அங்கே ஒருமுறை போட்டுவிடுங்கள்.

ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, மேல்திசையைப் பார்த்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலாக நடந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் வருகிறீர்கள். தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாக, நிழல் தண்ணீரில் விழாமல் நடங்கள். முழு மீனைத் தேடாதீர்கள். ஆடும் ஒரு வால், கல்லின் மேல் நகரும் ஒரு நிழல், அப்புறம் நிம்ஃபை விழுங்க வாய் திறக்கும்போது உள்ளே வெள்ளையாக ஒரு மினுக்கல். முதலில் அந்த மினுக்கலைத்தான் பார்ப்பீர்கள்.

கடையில் ஆயிரம் ஃப்ளை இருக்கிறது. எதை வாங்குவது?

வாங்குவதற்கு முன் ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். உள்ளங்கை அகலக் கல்லைச் சலசலக்கும் தண்ணீரிலிருந்து தூக்கினால், அடிப்பக்கத்தில் தட்டையான, நகத்தளவுகூட இல்லாத, மூன்று வால் கொண்ட பூச்சிகள் ஈரத்தோடு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். அதுதான் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம், நிஜ நிம்ஃப். நியூசிலாந்து ஆறுகளில் டெலியாடிடியம் என்ற வகை மிகுதி. அதன் முதுகில் இறக்கை முளைக்கும் சிறு உறையைப் பாருங்கள். கருத்திருந்தால் இன்றோ நாளையோ மேலேறிப் பறக்கத் தயார் என்று பொருள். வெளுத்திருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அதே கல்லில் சிறு மணலும் குச்சியும் ஒட்டிக் கூடு கட்டியிருப்பது கேடிஸ் என்ற இன்னொரு பூச்சியின் புழு.

இதைப் பார்த்தவருக்குப் பெரிய பெட்டி தேவைப்படாது. ஃபெசன்ட் டெயில், ஹேர் அண்ட் காப்பர் என்ற இரண்டு நிம்ஃப், இரண்டு மூன்று அளவுகளில், சிலவற்றில் கனத்துக்காக டங்ஸ்டன் மணி வைத்தது. மேலே மிதக்க ஆடம்ஸ், ராயல் உல்ஃப். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு உல்லி பகர் என்ற மூழ்கும் ஃப்ளை. நவம்பர் மாலைகளில் மரங்களிலிருந்து பழுப்பு வண்டுகள் தண்ணீரில் விழும். அதற்கு ஒரு வண்டு ஃப்ளை. வசந்தத்தில் மீன் பெரும்பாலும் அடியில் சாப்பிடுவதால், ட்ரை ஃப்ளைக்குக் கீழே இரண்டு அடி நரம்பில் ஒரு நிம்ஃபைத் தொங்கவிட்டுப் போடுவதுதான் நான் அதிகம் செய்வது. ட்ரை ஃப்ளை நின்றாலோ முங்கினாலோ கோலைத் தூக்குங்கள்.

என்னிடம் இருக்கும் ஸ்பின்னிங் ராட் போதாதா?

பல ஆறுகளில் ஸ்பின்னிங் (லூரை வீசிச் சுருட்டி இழுப்பது) அனுமதி உண்டு, சிலவற்றில் ஃப்ளை மட்டும்தான். புதிதாக ஃப்ளை ராட் வாங்குவதானால் 9 அடி, 6ஆம் எண் (எண் ஏற ஏற அது வீசும் லைன் கனமாகும்). வசந்தக் காற்றுக்கு 5ஐவிட 6 நல்லது. லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 முதல் 12 அடி, முனையில் 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் தடிமன் நரம்பு.

முதன்முதலாக ஆற்றில் நின்று வீசக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கிளம்ப இரண்டு மாதம் முன்பே, ஆள் இல்லாத புல்வெளியில், முள்ளுக்குப் பதில் ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழகுங்கள். 10 மீட்டர் தூரத்தில் ஒரு தட்டை வைத்து அதில் விழ வைக்க வேண்டும். தூரம் தேவையில்லை, குறி தேவை. அப்புறம் லோவர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க ஒதுக்கிய இடத்தில் பீகாக் பாஸ் மீனுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி என்பதால் ஃப்ளைக்குத் தடையில்லை. பின்னால் யாரும் நடக்கவில்லையா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் முன் திரும்பிப் பாருங்கள்.

விமான நிலையத்தில் சாமானைப் பிடுங்கிக்கொள்வார்களாமே?

மறைத்தால் பிரச்சினை, சொன்னால் இல்லை. மீன்பிடிச் சாமான், இறகில் கட்டிய ஃப்ளை, பூட்ஸ், சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும்.

காரணம் வலுவானது. டிடிமோ என்ற பாசி 2004இல் தென்தீவின் கீழ் வையாவு ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. கல்லையெல்லாம் அழுக்குக் கம்பளி மாதிரி மூடிவிடும். ஈரமான பூட்ஸில் ஒட்டியே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அதனால்தான் கம்பளி அடிப்பாகம் வைத்த, ஆற்றில் இறங்கி நடக்கும் வேடிங் பூட்ஸுக்கு 2008 முதல் தடை. ரப்பர் அடி வாங்குங்கள். அங்கேயும் ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பாத்திரம் கழுவும் திரவம் 5 விழுக்காடு கலந்த தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காய்ந்தபின் இன்னும் 48 மணி நேரம் விட்டுவையுங்கள். நமக்குப் பிடித்த ஆற்றுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை இது.

பயண அனுமதி: சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் மின்னணுப் பயண அனுமதி போதும். இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை செய்கிறவர்களும் நிரந்தரவாசிகளும் விசா எடுக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

லைசென்ஸ் எங்கே எடுப்பது?

ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் இணையத்தளத்தில், வெளிநாட்டவருக்கான லைசென்ஸ். அது வடதீவின் டாவ்போ வட்டாரம் நீங்கலாக நாடு முழுவதற்கும் செல்லும். டாவ்போவுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் தனி லைசென்ஸ். கூட்டம் மொய்க்கும் சில ஆறுகளுக்குக் கூடுதல் அனுமதியும் வேண்டும். விதிப்புத்தகத்தில் அதையும் பாருங்கள்.

ஆற்றில் இறங்கிக் கடப்பது பயமாக இருக்கிறது. ஓரமாகவே நின்றால் மீன் கிடைக்காதா?

கிடைக்கும். மேலே சொன்ன மாதிரி, வசந்தத்தில் மீனே ஓரமாகத்தான் நிற்கிறது. பயம் இருப்பது நல்லதும்கூட. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதை ‘நியூசிலாந்துச் சாவு’ என்றே அழைத்தார்கள், அத்தனை பேர் போயிருக்கிறார்கள்.

கலங்கிய தண்ணீரை, அடி தெரியாத தண்ணீரை, மரக்கிளைகள் மிதந்து வரும் தண்ணீரைக் கடக்கவே கூடாது. வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) போட்டால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். அக்கரைக்குப் போகும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கல் நனைந்திருந்தால் உடனே இக்கரைக்கு வந்துவிடுங்கள், மீன் எகிறிக்கொண்டிருந்தாலும் சரி. நாங்கள் ஒருமுறை நல்ல வெயிலில், மேகமே இல்லாத பிற்பகலில், கல் முழுக்க மூழ்கியிருப்பதைப் பார்த்து ஓடி வந்தோம். இருபது நிமிடம் தாமதித்திருந்தால் ராத்திரி அந்தக் கரையில்தான். பனி உருகி வரும் ஆறு அது. வெயிலைப் பற்றிய பதிலை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

வேலிக்குள் போக வேண்டியிருக்கிறது. போகலாமா?

மீன்பிடிப்பவர் வழி என்று பலகை இருந்தால் போகலாம். இல்லையென்றால் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். வசந்தம் ஆடு குட்டி ஈனும் காலம். அந்நியர் நடந்தால் தாய் ஆடு குட்டியை விட்டு ஓடிவிடும் என்பதால் சில பண்ணைக்காரர்கள் மறுப்பார்கள். வருத்தப்படாமல் நன்றி சொல்லி நகருங்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள்.

ஆற்றில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவருக்கு மேலே போய் இறங்காதீர்கள். ஜெட்டியில் தோளோடு தோள் நின்று பழகிய நமக்கு இது கஷ்டம். அவர் மேல்நோக்கி நடந்துகொண்டிருப்பார், அவருக்கு முன்னால் இறங்கினால் அவருடைய நாளே போயிற்று. எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று போய்க் கேட்டால் அன்பாகவே பதில் சொல்வார்கள்.

பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா?

ஒரு நாளைக்கு எத்தனை என்பது ஆற்றுக்கு ஆறு மாறும், சிலவற்றில் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். அனுமதி உள்ள இடத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் வசந்தத் தொடக்கத்தில் கிடைக்கும் மீன் பல, குளிர்காலத்தில் முட்டையிட்டு மெலிந்தவை. தலை பெரிதாக, உடம்பு ஒட்டி இருக்கும். சதை வெளுத்துக் குழகுழவென்றிருக்கும், குழம்புக்கு ஆகாது. அவற்றை விட்டுவிடுங்கள். கொழுத்த ஒன்று கிடைத்தால், என் கருத்தில் புளிக்குழம்பு அதன் மென்மையை மறைத்துவிடும். மிளகும் மஞ்சளும் உப்பும் தடவி வெண்ணெயில் வாட்டுங்கள்.

விடுவதானால் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை முன்பே நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, ஓட்டத்தைப் பார்த்துப் பிடித்திருங்கள். அதுவாக உதறிப் போகும்.

மணல் ஈ அவ்வளவு மோசமா?

ஆமாம், குறிப்பாகத் தென்தீவின் மேற்குக் கரையிலும் தென்மேற்கு மூலையான ஃபியோர்ட்லாந்திலும். முழுக்கைச் சட்டை, பூச்சி விரட்டும் களிம்பு. அங்கே வெயிலும் தோலைச் சுடும், குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள்.

மீன் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றதைச் சாப்பிடுகிறது, என் ஃப்ளையை மட்டும் தொடவில்லை. என்ன தப்பு?

பத்தில் எட்டு முறை ஃப்ளையை மாற்றுவது வீண். உங்கள் லைன் வேகமான ஓட்டத்திலும் ஃப்ளை மெதுவான ஓட்டத்திலும் கிடக்கும். லைன் முன்னால் போய் ஃப்ளையை இழுக்கும். உண்மைப் பூச்சி இழுபடாது, தண்ணீர் போகிற வேகத்தில் போகும். பக்கத்தில் மிதக்கும் நுரைத் துளியையும் ஃப்ளையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் சரி. ஃப்ளை முந்தினால் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று மறுபடி போடுங்கள்.

அடுத்த காரணம் ஆழம். நிம்ஃப் மீனின் தலைக்கு மேலே போகிறது. குளிர்ந்த தண்ணீரில் மீன் ஒரு கை உயரம்கூட எழும்பாது. இன்னும் கனமான நிம்ஃபைக் கட்டுங்கள், இன்னும் மேலே போடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எடுக்காவிட்டால் அப்போது அளவைச் சின்னதாக்குங்கள். மூன்று முறைக்கு மேல் ஒரே மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அது நம்மைக் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து நாள்தான் லீவு. மூன்று நாள் மழை என்றால் காசெல்லாம் போச்சா?

போகாது, ஒரே ஆற்றில் பிடிவாதமாக நிற்காவிட்டால். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற அந்தக் கேள்வி இங்கேதான் காப்பாற்றும். மழை தொடங்கும் முன்பே, தங்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் ஏரியிலிருந்து வழியும் ஆறு ஒன்று, ஊற்று ஓடை ஒன்று, ஏரிக்கரை ஒன்று என்று குறித்து வையுங்கள். தே ஆனாவ் ஏரியிலிருந்து இறங்கும் வையாவு, வனாகா ஏரியிலிருந்து கிளம்பும் க்ளூதா, சம்னர் ஏரிக்குக் கீழே ஹுருனுயி எல்லாம் இந்த வகை. இவற்றில் ஏரிக்கு அருகே இருக்கும் பகுதிக்குப் போங்கள். கீழே போகப் போகப் பக்க ஆறுகள் கலங்கலைக் கொண்டுவந்து சேர்க்கும். மழை ஓய்ந்தபின் தெற்கே மட்டவுரா ஆற்றுப் பக்கம் போகலாம். அதன் கரையிலுள்ள கோர் ஊரில் பெரிய பிரௌன் ட்ரவுட் சிலையே வைத்திருக்கிறார்கள், நவம்பர் பிற்பகல்களில் அங்கே மேஃப்ளை கிளம்பும்.

எல்லாமே கலங்கிவிட்டால் ஏரிக்கரைக்குப் போங்கள். சிறு ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி பிரௌன் ட்ரவுட் ரோந்து சுற்றும். அசையாமல் நில்லுங்கள். ஒன்று பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வழியில் திரும்பி வரும். அது கடந்து போனபின் ஃப்ளையை அந்த வழியில் போட்டு அடியில் படுக்க விடுங்கள். அடுத்த சுற்றில் அது நெருங்கும்போது ஒரு விரல் அளவுக்கு மட்டும் லைனை இழுங்கள்.